கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் படம் ஏன் திக்குகிறது?

வரவேற்பறையில் 55 அங்குல 4கே தொலைக்காட்சி, அதன் பின்னால் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த இன்டெல் என்100 மினி பிசி, அதில் விண்டோஸும் படங்களை ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கிலுள்ள படங்களை ஓட்டினால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளும் இறுதியில் மேலேறும் பெயர்ப் பட்டியலும் விட்டுவிட்டு நகர்கின்றன. அதே டிஸ்க்கைத் தொலைக்காட்சியின் யுஎஸ்பியில் நேரடியாகச் செருகினால் சீராக ஓடுகின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. வாங்க வேண்டாம். 4கே படத்தைக் குறிவிலக்கி, அதாவது சுருக்கிய கோப்பைப் படமாக விரித்து, அனுப்புவதற்குத் தேவையான வன்பொருள் என்100 சிப்பிற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வலுக்குறைவால் வரும் திக்கல் அல்ல. படத்தின் வேகமும் திரையின் வேகமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருவது. எவ்வளவு விலையுள்ள கார்டைப் போட்டாலும் இந்தப் பொருத்தமின்மை அப்படியே இருக்கும்.

பேசும் படம் வந்த 1920-களின் இறுதியிலிருந்து திரைப்படத்தின் வேகம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள். உங்கள் விண்டோஸ் திரையோ 60 ஹெர்ட்ஸில், அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை படத்தைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறது. 24 ஃபிரேமை 60 இடங்களில் பங்கிட்டால் ஒவ்வொன்றிற்கும் இரண்டரை இடம் வர வேண்டும். அரை இடம் என்று ஒன்று கிடையாது என்பதால், ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்த ஃபிரேம் இரண்டு முறையும் காட்டப்படுகிறது. ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லிநொடியில் போய்விடுகிறது, மீண்டும் 50, மீண்டும் 33. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. சீரான வேகத்தில் நகரும் எதையும், குறிப்பாகக் கருப்புப் பின்னணியில் மேலேறும் வெள்ளை எழுத்துகளை, கண் பின்தொடரும்போதுதான் அந்த ஏற்ற இறக்கம் உதறலாகத் தெரிகிறது. தொலைக்காட்சியின் உள் பிளேயர் திரையின் வேகத்தைப் படத்திற்கேற்ப மாற்றிக்கொள்வதால் அங்கே உதறல் இல்லை. கணினியையும் அதையே செய்ய வைக்க வேண்டும்.

கோடியில் இதற்கான வசதி இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் பிளேயர் பகுதிக்குள் வீடியோஸ் என்பதைத் திறந்து, ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ என்று வையுங்கள். அது கண்ணில் படாவிட்டால் இடது கீழ்மூலையில் செட்டிங்ஸின் நிலையை எக்ஸ்பர்ட் என்று மாற்றுங்கள். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கருப்பாகிப் பிறகு திரும்பும். அதற்குள் ஒலி ஓடிவிடாமலிருக்க, சிஸ்டம் பகுதியின் டிஸ்பிளேயில் ரெஃப்ரெஷ் ரேட் மாறிய பின் காத்திருக்கும் நேரத்தை இரண்டு அல்லது மூன்று நொடி என்று கொடுங்கள். அதே இடத்தில் ஒயிட்லிஸ்ட் என்ற பட்டியலும் உண்டு. உங்கள் தொலைக்காட்சி ஏற்கும் தெளிவுத்திறன்களையும் வேகங்களையும் அதில் குறித்துவைத்தால், கோடி அவற்றிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும். 4கே அளவில் 23.976, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 ஆகிய அனைத்தையும் குறித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் 23.976 என்றும் 24 என்றும் இரண்டு தனித்தனியாக இருப்பதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான முறையை ஏற்றுக்கொண்டபோது, ஒலியைச் சுமக்கும் அலையோடு வண்ணத் தகவல் மோதிப் படத்தில் கோலம் விழக்கூடாது என்பதற்காக, திரையின் வரி அதிர்வெண்ணை 4.5 மெகாஹெர்ட்ஸில் 286-இல் ஒரு பங்காக அமைத்தார்கள். அதன் விளைவாக நொடிக்கு 30 ஃபிரேம் என்பது 1001-இல் ஒரு பங்கு குறைந்து 29.97 ஆனது. பின்னாளில் திரைப்படங்கள் அந்த ஒளிபரப்போடு இசைந்துபோக வேண்டியிருந்ததால் 24-உம் அதே விகிதத்தில் 23.976 ஆயிற்று. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் போய்விட்டாலும் இந்தப் பின்னம் நம்மை விடவில்லை. ப்ளூரேயில் வரும் ஹாலிவுட் படங்களில் மிகப் பெரும்பாலானவை 23.976; இந்தியப் படங்களில் முழு 24-உம் வருவதுண்டு.

இவ்வளவு சிறிய வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 23.976 படத்தை 24.000 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால், திரை நொடிக்கு 0.024 ஃபிரேம் முன்னே போகிறது, 41.7 நொடிக்கு ஒருமுறை திரைக்குக் காட்டப் புதிய ஃபிரேம் இல்லாமல் பழையதே மீண்டும் வரும். இரண்டரை மணி நேரப் படத்தில் இப்படி ஏறத்தாழ 216 முறை சிறு தடுக்கல் நேரும். 2010 வாக்கில் வந்த சில இன்டெல் சிப்களில் 23.976 என்று கேட்டாலும் 24.000 தான் கிடைத்தது. ஹோம் தியேட்டர் கணினி வைத்திருந்தவர்கள் இந்த ஒரு குறையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் அது சரியானது. உங்கள் சிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விண்டோஸின் சில பதிப்புகள் இந்த வேகத்தை 23 ஹெர்ட்ஸ் என்றும், வேறு சில 23.976 என்றும் காட்டும். 23-ஐப் பார்த்துத் தவறான எண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 59 என்பது 59.94-ஐக் குறிப்பதும் இப்படித்தான். ஒரு கோப்பின் உண்மையான வேகம் என்னவென்று அறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் போதும்.

மேற்கொண்டு எதையும் மாற்றுவதற்கு முன், உங்கள் திக்கல் எந்த வகை என்று கண்டறிவது மிக முக்கியம். நகரும் காட்சிகளிலெல்லாம் இடைவிடாத உதறல் இருந்தால், அது மேலே சொன்ன 3:2 பங்கீடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒழுங்கான இடைவெளியில் ஒருமுறை மட்டும் தடுக்கினால், வேகங்கள் நெருக்கமாக இருந்தும் முற்றிலும் ஒன்றாக இல்லை என்று பொருள். அந்த இடைவெளி நாற்பது நொடியை ஒட்டி இருந்தால் 24-க்கும் 23.976-க்கும் இடையிலான குழப்பமே. எந்த ஒழுங்கும் இல்லாமல், சண்டைக்காட்சியிலோ மழைக்காட்சியிலோ கொத்தாகத் திக்கினால், குறிவிலக்கத்தையோ தரவு வரும் வழியையோ சந்தேகிக்க வேண்டும். படத்தின் குறுக்கே கிடைக்கோடாக வெட்டு விழுந்து மேல்பாதியும் கீழ்பாதியும் விலகித் தெரிந்தால், அது வேறு நோய்: திரை வரைந்து முடிப்பதற்குள் ஃபிரேம் மாறுகிறது, ஆகவே கோடி முழுத்திரையைச் சரியாக எடுத்துக்கொள்கிறதா, கிராஃபிக்ஸ் டிரைவரில் விசிங்க் (திரை வரைந்து முடிக்கும் வரை ஃபிரேமை மாற்றாமல் வைக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படம் ஓடும்போது கோடியில் விசைப்பலகையின் ஓ எழுத்தை அழுத்தினால், கோப்பின் வேகமும் குறிவிலக்கம் வன்பொருளில் நடக்கிறதா என்பதும் திரையில் தெரியும். எம்பிவி என்ற மற்றொரு பிளேயரில் ஐ எழுத்தை அழுத்தினால், விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையையும் திரையின் அளந்தறிந்த வேகத்தையும் காணலாம். பலர் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: விடுபட்ட ஃபிரேம் பூஜ்யம் என்று இருப்பதால் கணினிப் பக்கம் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 ஃபிரேம் படம் ஓடும்போது ஒரு ஃபிரேம்கூட விடுபடுவதில்லை. நேரம்தான் ஒழுங்கின்றிப் பங்கிடப்படுகிறது. அதனால் பூஜ்யத்தைப் பார்ப்பதோடு திரையின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இனி தொலைக்காட்சியின் பக்கம். கணினி 23.976-இல் அனுப்பினாலும், அதை வாங்கும் தொலைக்காட்சி உள்ளே 60-க்கு மாற்றிக்கொண்டால் நம் உழைப்பு வீண். 120 ஹெர்ட்ஸ் பேனல் உள்ள தொலைக்காட்சிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் ஐந்து முறை காட்டிச் சீராக ஓட்டிவிடும். 60 ஹெர்ட்ஸ் பேனலில் இது தயாரிப்பைப் பொறுத்தது: சில பேனலை 48 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஃபிரேமுக்கு இரண்டு முறை காட்டும், வேறு சில 3:2 பங்கீட்டைத் தாங்களே செய்துகொள்ளும். உங்கள் தொலைக்காட்சி யுஎஸ்பியில் சீராக ஓட்டுகிறது என்பது நல்ல அறிகுறி, ஆனால் அதுவே முழுச் சான்று அல்ல. யுஎஸ்பியில் இயங்கும் அதே திரைச் செயலி எச்டிஎம்ஐ உள்ளீட்டில் அணைக்கப்பட்டிருக்கலாம். எல்ஜியில் ‘ரியல் சினிமா’ என்றும் சோனியில் ‘சினிமோஷன்’ என்றும் ஓர் அமைப்பு இருக்கும். படம் பார்க்கும் உள்ளீட்டில் அதை இயக்கி வையுங்கள். உள்ளீட்டிற்கு ‘பிசி’ என்றோ ‘கேம்’ என்றோ பெயரிட்டிருந்தால் இத்தகைய செயல்கள் பல தொலைக்காட்சிகளில் நின்றுவிடும். படம் பார்ப்பதற்கு மட்டுமே அந்தக் கணினி என்றால், சாதாரண எச்டிஎம்ஐ என்ற பெயரிலேயே விட்டுவிட்டு, படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனை மட்டும் தனியே அணைப்பதுதான் என் பரிந்துரை. எல்ஜியில் இதை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பார்கள், சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’.

விண்டோஸின் பட்டியலிலேயே 23.976 தென்படவில்லை என்றால், இடையில் ஏவி ரிசீவர் (ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தைத் தொலைக்காட்சிக்கும் அனுப்பும் பெட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சி என்னென்ன வேகங்களை ஏற்கும் என்ற தகவலைப் பழைய ரிசீவர் முழுமையாகக் கடத்தாமல் விடலாம். கேபிளை நேரடியாகத் தொலைக்காட்சியில் செருகிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 4கே-யில் 60 ஹெர்ட்ஸே வரவில்லை என்றால், தொலைக்காட்சியின் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு உயர் அலைவரிசை அமைப்பு இயக்கப்படவில்லை என்று கொள்ளலாம். சோனியில் அது ‘என்ஹான்ஸ்ட்’ என்றும், சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்றும், எல்ஜியில் ‘டீப் கலர்’ என்றும் இருக்கும். திரைப்படத்திற்கு மட்டும் என்றால் கேபிளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 4கே-யை நொடிக்கு 24 முறை அனுப்ப, 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இன் 10.2 ஜிகாபிட்டே போதும். 60 முறை அனுப்பத்தான் 2.0-இன் 18 ஜிகாபிட் தேவை. வேகத்தைப் பொருத்தி ஓட்டுவதில் இப்படி ஓர் உபரி நன்மையும் இருக்கிறது.

வேகங்கள் பொருந்திய பிறகும் பத்து பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தடுக்கல் எஞ்சலாம். இதன் காரணம் சற்று ஆழமானது. படம் வரையும் கடிகாரமும் ஒலியை வெளியிடும் கடிகாரமும் வெவ்வேறு படிகங்களில் ஓடும்போது, இரண்டும் ஒருபோதும் முழுக்க ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே ஏறத்தாழ 14 நிமிடத்தில் ஒலியும் ஒளியும் ஒரு ஃபிரேம் அளவு விலகிவிடும். பெரும்பாலான பிளேயர்கள் ஒலியையே நேரத்திற்கு அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒரு ஃபிரேமை விட்டோ மீண்டும் காட்டியோ அந்த விலகலைச் சரிசெய்கின்றன. யுஎஸ்பி டாக் போன்ற தனி ஒலிக்கருவி வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். எச்டிஎம்ஐ வழியே ஒலியையும் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் குறையும்.

இதை அடியோடு நீக்க வேண்டுமானால் திரையை அளவுகோலாக்கி, ஒலியை அதற்கேற்ப மிக மிகச் சிறிதளவு நீட்டவோ சுருக்கவோ வேண்டும். கோடியில் ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்பிளே’ என்பதும், எம்பிவியில் வீடியோ சிங்க் என்பதை டிஸ்பிளே ரீசாம்பிள் என்று வைப்பதும் இதைத்தான் செய்கின்றன. ஒலியில் ஏற்படும் அந்த மாற்றத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்த்ரூ முறையில் கணினியால் அந்த ஒலியைத் தொட முடியாது என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அட்மாஸ் ஸ்பீக்கர்கள் உள்ள வீட்டில் நான் பாஸ்த்ரூவை விட்டுக்கொடுக்க மாட்டேன். கால் மணி நேரத்திற்கு ஒரு தடுக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியின் ஸ்பீக்கரிலோ சாதாரண சவுண்ட்பாரிலோ கேட்பவர்கள் தயங்காமல் பாஸ்த்ரூவை அணைத்துவிட்டுத் திரையோடு ஒத்திசைக்கலாம்.

குறிவிலக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எச்.264, எச்.265-இன் 10 பிட், விபி9, ஏவி1 ஆகிய காணொளிச் சுருக்க முறைகள் எல்லாவற்றையும் என்100 வன்பொருளிலேயே குறிவிலக்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ பகுதியில் ‘வீடியோ டிகோட்’ வரைபடம் ஏறியும் சிபியூ தாழ்ந்தும் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சிபியூ 90 விழுக்காட்டைத் தொட்டால், கோடியில் டிஎக்ஸ்விஏ வன்பொருள் வசதி அணைந்திருக்கும் அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதாக இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஜப்பானிய அனிமேஷன் கோப்புகளில் காணப்படும் 10 பிட் எச்.264-ஐ இந்த வன்பொருள்கள் ஏற்பதில்லை. அதைச் சிபியூதான் சுமக்க வேண்டும், 1080 அளவில் என்100 அதைச் சமாளித்துவிடும். தரவு வரும் வழியில், 4கே ப்ளூரேயிலிருந்து எடுத்த முழுக் கோப்பின் தரவு ஓட்டம் உச்சத்தில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடும் என்பதால், வைஃபையில் வேறொரு அறையிலிருந்து படிப்பவர்கள் ஈதர்நெட் கேபிள் போட்டுக்கொள்வது நல்லது. நீங்கள் யுஎஸ்பி டிஸ்க்கில் நேரடியாக வைத்திருப்பதால் இந்தக் கவலை இல்லை.

நம் வீடுகளுக்கு உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இந்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் மரபைச் சேர்ந்தது. ஆகவே தொடர்களும் ஒளிபரப்பிலிருந்து பதிவான பாடல்களும் நிகழ்ச்சிகளும் நொடிக்கு 25 ஃபிரேமில் வருகின்றன. 60 ஹெர்ட்ஸ் திரையில் இவை 24 ஃபிரேம் படத்தைவிட மோசமாக உதறும், ஏனெனில் ஐந்து ஃபிரேம்களை 2, 3, 2, 3, 2 என்று பங்கிட வேண்டியிருக்கிறது. கோடி இதற்கு 25 அல்லது 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கும். அதற்காகத்தான் ஒயிட்லிஸ்டில் 25-ஐயும் 50-ஐயும் குறிக்கச் சொன்னேன். பிரவுசரில் ஓடிடி தளங்களைப் பார்க்கும்போது இந்தத் தானியங்கி மாற்றம் எதுவும் நடக்காது என்பதால், பார்ப்பதற்கு முன் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் வேகத்தைக் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும். கணினியும் தொலைக்காட்சியும் 119.88 ஹெர்ட்ஸை ஏற்குமானால் இந்தத் தொல்லை பாதி தீரும்: 23.976, 29.97, 59.94 மூன்றும் அதில் மீதமின்றி வகுபடும். 25-க்கு மட்டும் 100 தேவைப்படும். கைப்பேசியில் எடுத்த காணொளிகளில் வேகமே நொடிக்கு நொடி மாறக்கூடும். அவற்றை எந்தத் திரையோடும் முழுமையாகப் பொருத்த முடியாது.

பழைய பதிவுகள் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும்படி இருந்தால், டீஇன்டர்லேசிங் 50 ஃபிரேமாக விரியும்படி அமையுங்கள். 25-ஆகச் சுருக்கினால் கிரிக்கெட்டும் நடனமும் உயிரிழந்து தெரியும். திரைப்பட டிவிடிகளில் நிலைமை சிக்கலானது. 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் ஆகிய இரு தொலைக்காட்சி முறைகளுக்கும் இடையே மாற்றும்போது அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து பதித்த டிவிடிகள் இருக்கின்றன. நிறுத்திப் பார்த்தால் கை இரண்டாகத் தெரியும். அந்தக் கலப்பைப் பிளேயரின் சாதாரண அமைப்புகளால் பிரிக்க இயலாது, அந்தப் படத்தின் வேறு நல்ல பதிப்பைத் தேடுவதே வழி.

இத்தனையும் சரியானபின், வேகமான பக்கவாட்டு நகர்வுகளில் இன்னும் சிறிது விட்டுவிட்டுத் தெரிந்தால், அது 24 ஃபிரேமின் இயல்பு. ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு ஏழு நொடிக்குக் குறைவாகச் செல்லக்கூடாது என்று ஒளிப்பதிவாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி இதற்காகவே உண்டானது. ஓஎல்இடி திரைகளில் இது கூர்மையாகத் தெரியும்: அதன் புள்ளிகள் உடனடியாக மாறி, அடுத்த ஃபிரேம் வரும் வரை 41.7 மில்லிநொடி அசையாமல் நிற்கின்றன. எல்சிடியில் புள்ளிகள் மெதுவாக மாறுவதால் அந்த விளிம்பு சற்று மழுங்கியிருக்கும். தொலைக்காட்சியின் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் முதலியவை இடையில் கற்பனை ஃபிரேம்களை உருவாக்கிச் செருகி இதை வழவழப்பாக்குகின்றன. முழு அளவில் வைத்தால் படம் தொலைக்காட்சித் தொடரைப் போல் ஆகிவிடும், வேகமாக நகரும் கைகளைச் சுற்றி ஒரு கலங்கலும் தெரியும். எல்சிடியாக இருந்தால் அடியோடு அணைத்துவிடுங்கள். ஓஎல்இடியாக இருந்து கண் உறுத்தினால், பயனர் விருப்ப அமைப்பில் மங்கலைக் குறைக்கும் அளவைப் பூஜ்யத்திலும், உதறலைக் குறைக்கும் அளவைப் பத்தில் இரண்டு அல்லது மூன்றிலும் வைத்து, நீங்கள் நன்கு அறிந்த ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் ஓட்டி உங்கள் கண்ணுக்கு உகந்ததை முடிவு செய்யுங்கள். கோடியில் ரெஃப்ரெஷ் ரேட் மாற்றத்தை இயக்கிச் சரிபார்த்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். 3:2 உதறலோடு வரும் படத்தின்மேல் இந்தச் செயலியை ஓட்டினால், எது கணினியின் குறை, எது தொலைக்காட்சியின் குறை என்று பிரித்தறியவே முடியாமல் போகும்.